இழை எடுக்கும் நாளில் ஒரு நிலக்கரிக் கப்பல்

தினமும் காலையில் நான் ஒரு கப்பல் கதை சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கோட்டையூரில் ஒரு பெரிய பழைய நகரத்தார் வீட்டை வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். அதில் நான் மேலாளர். காலைப் பலகாரம் முடிந்ததும் வந்தவர்களை முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் கூட்டிக்கொண்டு போவேன். இந்தத் தேக்குத் தூண் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது, இந்தச் சலவைக்கல் இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது, இந்த நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து கப்பலில் வந்தது. அவர்கள் தூணைத் தட்டிப் பார்ப்பார்கள், நான் சிரிப்பேன். சொல்லிச் சொல்லி இப்போதெல்லாம் வாய் கப்பலில் இருக்கும்போதே மனசு ராத்திரிக்கு என்ன குழம்பு வைப்பது என்று அடுப்படிக்குப் போய்விடுகிறது.

கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார், இப்போதும் உங்கள் ஆட்கள் கப்பலில் போகிறார்களா என்று. என் வீட்டுக்காரர் கப்பலில்தான் இருக்கிறார் என்பேன். அவ்வளவுதான், அவர்கள் முகம் மலர்ந்துவிடும். பட்டு உருமால் கட்டிய ஒருவர் கப்பல் மேல்தளத்தில் நின்று காற்று வாங்குவதாக நினைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது. அவர் கரிக்கப்பலின் அடிவயிற்றில், காதைப் பிளக்கும் சத்தத்தில், எண்ணெய் வழிய எஞ்சின் பார்க்கிறார் என்று நான் சொல்வதில்லை. காசு கொடுத்துக் கதை கேட்க வந்தவர்களை எதற்கு ஏமாற்ற வேண்டும்.

எங்களுக்குப் பேசி முடித்தபோதே என் தாய்மாமன் ஒருவர் சபையில் வைத்துச் சொன்னார், "நம்மாளுக கப்பல்ல போனாக, வந்தாக, சரி. டிக்கெட் எடுத்துட்டுல்ல போனாக. அடியில எறங்கி மிஷின் தொடைக்க எவனும் போகலையேப்பா." எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்துப்போனது, அதற்கு யாரை நோவது.

ஆரம்பத்தில் அவர் வெளிநாட்டுக் கப்பல்களில் இருந்தார். போனால் போனதுதான், மாதக்கணக்கில் வரமாட்டார். ஆனால் வந்தால் வந்ததுதான். முழுசாக ஒரு ஆள் வீட்டில் இருப்பார். காரைக்குடி செக்காலை ரோட்டில் மகளை ஸ்கூட்டரில் வைத்துச் சுற்றுவார், ஓடாத மிக்சியைப் பிரித்துப் போட்டு ஓட வைப்பார், ஓடுகிற மிக்சியையும் பிரித்துப் போடுவார். அந்த வாழ்க்கைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. அழுவதற்கு ஒரு நாள், கோலம் போடுவதற்கு ஒரு நாள்.

பிறகுதான் நம் கரையோரக் கப்பல் போக்குவரத்து வளர ஆரம்பித்தது. ரயிலிலும் லாரியிலும் போன நிலக்கரி, சிமெண்டு, உரம் எல்லாம் கடல்வழியே போனால் செலவு குறைவு, ரோடும் தப்பிக்கும் என்று பேசினார்கள். பேப்பரில் படம் போட்டார்கள். புதுப் புதுக் கப்பல்கள் வந்தன, புதுசென்றால் வெளிநாட்டில் ஓடித் தேய்ந்து இங்கே வந்து பெயர் மாற்றிக்கொண்டவை. அவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. இவர் ஒரு நாள் சந்தோஷமாக வந்து சொன்னார், "இனிமே நம்ம கடல்லயேதான். ஒரிசாவுல பாரதீப்ல கரி ஏத்துறோம், தூத்துக்குடியில எறக்குறோம். பஸ் புடிச்சா வீடு. மாசம் ஒரு தடவை வந்துருவேன் பாரு."

நானும் நம்பினேன். தூத்துக்குடி எங்கே இருக்கிறது, ராமநாதபுரம் தாண்டினால் வந்துவிடும்.

வந்தது அவரல்ல, சிக்னல்தான். கப்பல் கரையை ஒட்டி வரும்போது போன் அடிக்கும். "தூத்துக்குடிக்கு வெளிய நிக்கிறோம், சாப்பிட்டியா?" என்பார். கரி இறங்குகிற நேரத்தில்தான் எஞ்சினைப் பழுது பார்க்க முடியும், ஆகவே இவர் இறங்க முடியாது. கரி இறங்கி முடிந்ததும் கப்பல் கிளம்பிவிடும். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருக்கிற கடல் ஆழம் போதாதாம், பெரிய கப்பல் அதில் போகாது. அதனால் இலங்கையை முழுசாகச் சுற்றிக்கொண்டு வடக்கே போக வேண்டும். எங்கள் ஊரிலிருந்து கடலுக்குப் போக வேண்டுமென்றால் தொண்டி, பஸ்ஸில் கொஞ்ச நேரம். இத்தனை வருஷத்தில் அவருடைய கப்பல் அந்தப் பக்கம் வந்ததே இல்லை, வரவும் முடியாது. இலங்கைக்கு அந்தப்பக்கம் போனதும் போனில் அந்தப் பெண்குரல் வந்துவிடும், நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று. இந்த வீட்டில் என்னோடு அதிகம் பேசியவள் அவள்தான். கப்பலில் இணையம் உண்டு, ஆனால் அளந்து ஊற்றுவார்கள். ஒரு குட்மார்னிங் பூ வந்து சேருவதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.

விடுப்புக்கு எழுதிக் கொடுத்தால் மாற்று ஆள் இல்லை என்பார்கள். கப்பல்கள் பெருகின அளவுக்கு ஆள் பெருகவில்லை. துறைமுகத்தில் கப்பலை நிறுத்திச் சரக்கு இறக்கும் மேடைகளும் பெருகவில்லை, ஆகவே வெளியிலேயே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடப்பார்கள். காரைக்குடியில் சுவருக்குச் சுவர் கப்பல் படிப்பு விளம்பரம் ஒட்டியிருக்கிறது, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஒரு பையன் சிரிக்கிறான். கடலோரக் கப்பல்துறை வளர்ச்சி என்று பேப்பரில் பார்க்கும்போதெல்லாம், இவர் வருவது இன்னும் தள்ளிப்போகும் என்றுதான் எனக்குப் படும். நாட்டுக்கு நல்லதாகத்தான் இருக்கும். எனக்குக் களைப்பாக இருக்கிறது.

போன வருஷம் ஒரு வழி பிறந்தது. தூத்துக்குடிப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் கூடம் ஒன்று, யார்டு என்பார் இவர், இனிமேல் சின்னக் கப்பல்களைப் புதிதாகக் கட்டவும் போகிறது என்று ஆள் எடுத்தது. ஓடும் கப்பலில் வேலை பார்த்த எஞ்சினியர் வேண்டுமாம். கரையில் வேலை, ஞாயிறு விடுமுறை. இவரிடம் வீடியோவில் பேசினார்கள், பிடித்துப்போனது, நேரில் வந்து சேரச் சொன்னார்கள். இவரும் சரி என்றார். கேட்டுக் கேட்டு மூன்று முறை சரி என்று சொல்ல வைத்தேன். பிள்ளையார் நோன்புக்கு முன்னால் கப்பல் தூத்துக்குடிக்கு வரும், மாற்று ஆள் ஏறுவார், இவர் பையோடு இறங்குவார், வீட்டுக்கு வந்து இழை எடுத்துக் கொடுப்பார், பொங்கல் கழித்து வேலையில் சேருவார். இதுதான் ஏற்பாடு. என் மிச்ச வாழ்க்கை முழுவதும் அந்த ஏற்பாட்டில் இருந்தது.

பிள்ளையார் நோன்பு எங்கள் நகரத்தார் வீடுகளில் மட்டும் உள்ளது. திருக்கார்த்திகையிலிருந்து தினம் ஒரு நூலாகக் கோடி வேட்டியிலிருந்து உருவி வைப்போம். இருபத்தோரு நூல் சேர்ந்ததும் திரி திரித்து, நெய்யும் வெல்லமும் போட்டுப் பிசைந்த மாவில் நட்டு, ஏற்றி, எரிகிற சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர்தான் இழை எடுப்பது. வீட்டில் மூத்த ஆண் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். அந்தக் காலத்தில் கடலில் போன எங்கள் ஆட்கள் புயலில் சிக்கித் திசை தெரியாமல் கிடந்தார்களாம். நாள் தெரிவதற்காகக் கட்டியிருந்த வேட்டியில் தினம் ஒரு நூல் உருவி வைத்தார்களாம். கரை சேர்ந்ததும் அந்த நூலையே திரியாக்கிப் பிள்ளையாருக்கு ஏற்றினார்களாம். விடுதியில் இதையும் சொல்வேன். கைதட்டுவார்கள்.

மாமனார் இருந்தவரை அவர் எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் பிறகு மூத்தவர் இவர்தான், ஆனால் ஒரு நோன்புக்கும் வரவில்லை. நாங்கள் பங்காளி வீட்டுக்குப் போய் அங்கே பெரியவர் கையால் வாங்கிக்கொண்டோம். மாமியாருக்கு அது பெரிய குறை. "நம்ம வீட்டு இழையை அடுத்த வீட்டுல போயி நின்னு வாங்குறோமே" என்று போகும்போதும் சொல்வார், வரும்போதும் சொல்வார்.

இந்தத் தடவை கப்பல் சொன்னபடி வந்தது. வந்து வெளியே நின்றது. உள்ளே இடமில்லை. இவர் போனில், "ஊர் வெளிச்சமெல்லாம் தெரியுது. நாளைக்கு எடம் கெடச்சுரும்" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். நோன்பு நாள் விடிந்தபோது, மத்தியானம் உள்ளே போய்விடும் என்று சேதி வந்தது. மத்தியானம் கரையைத் தொட்டால் சாயங்காலம் இழை எடுக்கும் நேரத்துக்குக் காரைக்குடி வந்து சேர முடியாது. நான் சோர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார்தான் எழுந்தார். "மாவை டப்பாவுல போடு. திரி, நெய், தீப்பெட்டி, ஆவாரம்பூ எல்லாம் எடுத்துக்க. நீ அங்குட்டுப் போ."

"துறைமுகத்துக்கா?"

"இழை கடல்ல பொறந்ததுதானே. கப்பல் வாசல்ல எடுத்தா ஒண்ணும் குத்தமில்லை. அவனைக் கையோட கூட்டிட்டு வா."

கல்லூரி போகும் மகள் சிரித்தாள். "அப்பச்சிக்கு ஹோம் டெலிவரி" என்றாள். அப்பாவை அப்பச்சி என்பது எங்கள் வழக்கம். ஆனால் பஸ் நிலையம் வரை அவள்தான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். இறங்கும்போது, "அப்பச்சி பையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்மா" என்றாள்.

தேவகோட்டை, ராமநாதபுரம், சாயல்குடி என்று மடியில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டு போனேன். எனக்கே சிரிப்பாக இருந்தது, கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்க இப்படி ஓடுவது. உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் டப்பாவை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பயமில்லை, சந்தோஷம்தான், பழக்கம் விட்டுப்போனதால் அடையாளம் தெரியவில்லை.

துறைமுக வாசலில் காவலர் பையைத் திறக்கச் சொன்னார். டப்பாவைத் திறந்தார், மாவு. சுருளைப் பிரித்தார், திரி. அடியில் நெய்யும் தீப்பெட்டியும் இருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தக் கப்பலும்மா?"

சொன்னேன்.

"கரிக்கப்பலுக்குத் தீப்பெட்டியா கொண்டு வந்திருக்கீங்க? நல்லா இருக்கே."

நான் நோன்பை விளக்க ஆரம்பித்தேன், விடுதிப் பழக்கம். எரிகிற திரியை வாயில் போட்டுக்கொள்வோம் என்ற இடத்தில் அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அவரை வெளிய வரச் சொல்லுங்க. அதோ டீக்கடை. அங்க போய் எதை வேணா வாயில போட்டுக்கங்க." கப்பலுக்குள் நெருப்புக் கொண்டுபோகக் கூடாது என்பது எனக்குத் தெரியாததா? இவர் வீட்டில் சாம்பிராணி போட்டாலே ஜன்னலைத் திறப்பவர். ஆனால் நோன்பென்று வந்துவிட்டால் எங்கள் வீடுகளில் யாருக்கும் வேறு எதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இவருக்குப் போன் செய்தேன். "இப்பதான் கப்பலைக் கரையில கட்டுறோம். கொஞ்ச நேரத்துல வெளிய வர்றேன்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் ஒருவர் பெரிய பையும் சின்னப் பையுமாக உட்கார்ந்திருந்தார். முப்பது வயது இருக்கும். நாகர்கோவில் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் காசு எடுப்பதற்குள் என் டீக்கும் அவரே கொடுத்துவிட்டார். கப்பல்காரர்களுக்கு இந்தக் குணம் உண்டு, கரையில் யாரைப் பார்த்தாலும் எதையாவது வாங்கிக் கொடுப்பார்கள்.

"கப்பல்ல ஏறப் போறீகளா தம்பி?" என்றேன்.

"இல்லக்கா, திரும்பிப் போறேன்" என்று சிரித்தார். "ஒருத்தரை மாத்தி விடத்தான் கூப்பிட்டாங்க. லாட்ஜ்ல கெடந்தேன். இன்னைக்குக் காலையில அவரே போன் பண்ணி, நான் இறங்கலை, இன்னொரு நடை நானே போறேன், நீங்க வீட்டுக்குப் போங்க தம்பின்னு சொல்லிட்டார். கம்பெனியிலயும் அவரே பேசிட்டார். எனக்கென்ன, பிள்ளைக்கு முடி எடுக்கணும், அதுக்கு ஊர்ல இருக்கலாம்."

"எந்தக் கப்பல்?"

அவர் கப்பலின் பெயரைச் சொன்னார். செகண்ட் எஞ்சினியருக்கு மாற்று என்றும் சொன்னார். கப்பலும் இவருடையது, வேலையும் இவருடையது.

டீ கையில் இருந்தது, குடித்தேன். என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் குடித்தேன். அவருடைய பஸ் வந்தது. "வரேன்க்கா" என்று இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தப் பெரிய பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் பார்க்க வந்த பை வேறு.

இவர் வாசல் தாண்டி வந்தபோது வெயில் இறங்கிவிட்டது. நீலத் தொழில் உடுப்பு, காதில் கரி. இளைத்திருந்தார். இரண்டு கையையும் வீசிக்கொண்டு வந்தார்.

"ரிலீவர் வரலத்தா" என்றார், வந்ததும் வராததுமாக. "கடைசி நேரத்துல ஏமாத்திட்டாக. ஒரே ஒரு நடை. போயிட்டு வந்துர்றேன். யார்டுக்காரங்ககிட்ட சொல்லிக்கிடலாம்."

நான் டப்பாவைத் திறந்து மாவைப் பிடிக்க ஆரம்பித்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

"வந்தாரு" என்றேன். "இந்தப் பெஞ்சிலதான் உக்காந்திருந்தாரு. எனக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு பஸ் ஏறிப் போயிட்டாரு."

அவர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். உள்ளே எங்கேயோ ஒரு கிரேன் கரியை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில்தான் அவருக்கு மூச்சு வந்தது போலிருந்தது.

"யார்டுல பேசுனவுக எல்லாம் நம்ம மகள் வயசு" என்றார். "கம்ப்யூட்டர்ல கப்பலைத் திருப்பித் திருப்பிக் காட்டுறாக. எனக்கு ஓடுற எஞ்சின் தெரியும். இன்னும் பொறக்காத கப்பலை வச்சுக்கிட்டு நான் என்னத்தைச் செய்ய?"

"அதுக்காகவா?"

"அதுக்காகவும்தான்." கையை உடுப்பில் தேய்த்துக்கொண்டார். "வீட்டுக்கு வந்தா ரெண்டாம் நாளே எங்க உக்கார்றதுன்னு தெரியல. நான் எந்திரிக்கிறதுக்குள்ள நீங்க மூணு பேரும் எல்லாம் முடிச்சுடுறீக. நான் இல்லாம இருக்க நல்லாப் பழகிட்டீக. கப்பல்ல ஒரு சத்தம் மாறினா என்னையத்தான் கூப்பிடுவாக."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பழகாமல் என்ன செய்வதாம்? குழாய் உடைந்தால் அவர் இலங்கையைச் சுற்றி வரும்வரை வாளி பிடித்துக்கொண்டு நிற்பதா? ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அதுதான் என்னை அடித்தது. அவர் லீவில் வந்தால் அவருடைய செருப்பை எங்கே விடுவதென்று நாங்கள் இடம் தேடுகிறோம். நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தால் யாரோ விருந்தாளி வந்த மாதிரி மகள் காலை மடக்கிக்கொள்கிறாள்.

"இதைச் சொல்றதுக்கு இலங்கையையே சுத்திட்டு வரணுமா?" என்றேன். "போன்ல சொல்லியிருக்கலாம்ல. சிக்னல் இருந்துச்சுல்ல, வெளிச்சமெல்லாம் தெரிஞ்சுச்சுல்ல."

"பயமா இருந்துச்சு."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. நடுக்கடலில் எஞ்சின் நின்ற கதையையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லும் மனுஷன்.

நேரமாகிவிட்டது. ஆவாரம்பூவை ஒரு காகிதத்தில் வைத்து, பிடித்த மாவில் திரியை நட்டேன். கடல்காற்று ஏற்ற விடவில்லை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, மழைக்குத் தட்டியாகக் கட்டியிருந்த பிளக்ஸை அவிழ்த்து எங்கள் பக்கம் பிடித்தார். எப்போதோ நடந்த ஏதோ விழாவின் பிளக்ஸ். ஒரு பெரிய கப்பலும், கடலில் புதிய பாய்ச்சல் என்ற எழுத்தும் இருந்தன. அதன் மறைவில் இவர் தீக்குச்சி உரசினார். மூன்றாவது குச்சியில் திரி பிடித்தது.

வீட்டுக்கு மூத்தவராக அவர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். அவர் விரலில் கரி, மாவில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. சுடரோடு வாயை மூடினேன். நெய்யும் வெல்லமும் கொஞ்சம் கரியும். கண்ணில் நீர் வந்தது, சூட்டினால் என்று அவர் நினைத்திருக்கலாம், நானும் திருத்தவில்லை. பிறகு அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். கரை சேர்ந்தவர்கள் எடுத்த இழை. இவர் அதை விழுங்கிவிட்டுத் திரும்பிக் கப்பலுக்குப் போகப் போகிறார். முதன்முதலில் எடுத்தவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

"அம்மாகிட்ட என்ன சொல்லுவ?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க. மககிட்டயும் நீங்களே சொல்லுங்க. ரிலீவர் வரலைன்னு மட்டும் சொல்லாதீக."

எழுந்து பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். சாப்பிட்டுவிட்டுப் போ என்றார். வேண்டாம் என்றேன். பஸ் வந்ததும் படியில் நின்று சொன்னேன், "அடுத்த தடவை பையைத் தூக்கிட்டு வாங்க. எங்க உக்கார்றதுங்கிறதை அப்புறம் பேசிக்கிடலாம். பை இல்லாம வர்றதா இருந்தா அந்தக் கப்பலுக்குள்ளயே இருந்துக்கங்க." பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உப்பளங்கள் மங்கிக்கொண்டு வந்தன. சாயல்குடி வருவதற்கு முன்னால் போன் அடித்தது. அவர்தான். சிக்னல் முழுசாக இருந்தது, கப்பல் இன்னும் கட்டிக் கிடக்கிறது, கரி இறங்கி முடியவில்லை. மணி அடித்து நின்றது. மறுபடி அடித்தது. இத்தனை வருஷமாக அந்த மணி எப்போது அடிக்கும் என்று குளிக்கும்போதுகூடக் கதவைத் திறந்து வைத்திருந்தவள் நான். காலி டப்பாவின் மேல் போனை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாவது முறை அடித்தபோது அதை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டேன். போனில் என்னோடு பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண் இப்போது அவரோடு பேசிக்கொண்டிருப்பாள்.